விழுப்புண்ணுக்கு எது மரியாதை?

2023 ஜனவரி 23, நேதாஜியின் பிறந்தநாள். அந்தமான் நிக்கோபார் தீவுக்கூட்டத்தில் அதுவரை பெயரின்றி இருந்த தீவுகளுள் பெரியவையான 21 தீவுகளுக்கு, பரம்வீர் சக்ர விருது பெற்ற 21 வீரர்களின் பெயர்கள் அன்று சூட்டப்பட்டன. அவற்றுள் மிகப் பெரிய தீவு, அவ்விருதை முதன்முதலாகப் பெற்ற மேஜர் சோம்நாத் சர்மாவின் பெயரைத் தாங்கியது. 1947 நவம்பரில் காஷ்மீரின் பட்காமில் அவர் போரிட்டு மடிந்தபோது அவரது கை மாவுக்கட்டில் இருந்தது. ஹாக்கி விளையாட்டில் முறிந்த கை அது. அந்தக் கையுடன் போர்முனைக்குப் போகத் தேவையில்லை என்றிருந்தும் வற்புறுத்திச் சென்றவர் அவர். 1987-ல் இலங்கையில் உயிர்நீத்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயரும் ஒரு தீவுக்கு உண்டு.

தமிழர்க்கு இது புதிய வழக்கமன்று. ஆநிரை மீட்கச் சென்று மடிந்த வீரனுக்குக் கல் நட்டு, அவன் பெயரும் பெருமையும் அதில் பொறித்து, மயிற்பீலி சூட்டி வழிபட்டது நம் மரபு. அன்று கல், இன்று தீவு. அவ்வளவுதான் வேறுபாடு.

ஆனால் அந்தப் பட்டியலைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். 21 பேரில் 14 பேருக்கு அவ்விருது மறைவுக்குப் பின்னரே வழங்கப்பட்டது. தீவுகளுக்குப் பெயர் சூட்டிய நாளில் உயிருடன் இருந்தவர்கள் மூவரே: பானா சிங், சஞ்சய் குமார், யோகேந்திர சிங் யாதவ். இவர்களுள் யாதவின் வரலாறு வியப்புக்குரியது. 1999 ஜூலையில் டைகர் ஹில் சிகரத்தைக் கைப்பற்றும் போரில் பல குண்டுகள் உடலில் பாய்ந்த நிலையிலும் பாறைச் சுவரில் ஏறிச் சென்றவர். அப்போது அவருக்கு வயது 19. அவருக்குப் பரம்வீர் சக்ர விருது அறிவிக்கப்பட்டபோது, மறைவுக்குப் பின் வழங்கப்படும் விருதாகவே முதலில் அறிவித்தார்கள். அதே பெயருடைய மற்றொரு வீரர் மடிந்திருந்ததால் நேர்ந்த குழப்பம் அது. நாடு ஒரு தியாகிக்காகக் கண்ணீர் சிந்திய நேரத்தில், அந்தத் 'தியாகி' மருத்துவமனைக் கட்டிலில் படுத்துத் தேறிக்கொண்டிருந்தார்.

அது ஒரு தற்செயலான பிழை; திருத்தப்பட்டும் விட்டது. எனினும் அதில் சிந்திக்க ஒரு பொருள் இருக்கிறது. இறந்த வீரனைப் போற்றுவது எப்படி என்பது எல்லாச் சமுதாயங்களுக்கும் தெரியும். அவன் எதுவும் கேட்பதில்லை; எதையும் மறுப்பதுமில்லை. கல் நட்டால் போதும். ஆனால் கால் ஒன்றை இழந்து, அல்லது முதுகுத்தண்டு முறிந்து, அல்லது உறக்கத்தை இழந்து, உயிரோடு வீடு திரும்பும் வீரனை எப்படிப் போற்றுவது? அவன் முப்பது, நாற்பது, ஐம்பது ஆண்டுகள் நம்மிடையே வாழப் போகிறவன். அத்தனை காலமும் அவன் கழுத்தில் மாலையிட்டுக் கொண்டே இருக்க முடியுமா? முடிந்தாலும், அதுவா அவன் வேண்டுவது?

காயத்தின் பெயர்கள்

போர்க்காயத்துக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் உண்டு. மார்பிலும் முகத்திலும் பட்டது விழுப்புண். முதுகில் பட்டது புறப்புண். முன்னது பெருமை, பின்னது நாணத்தக்கது. வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், மார்பில் பாய்ந்த வேல் முதுகையும் ஊடுருவியதால் நாணி, வடக்கிருந்து உயிர் துறந்தான் என்பது சங்க காலச் செய்தி. ஒரே வேல், ஒரே காயம். நுழைந்த இடம் புகழைத் தந்தது. வெளிவந்த இடம் உயிரைக் கேட்டது. காயத்தைவிட, காயத்துக்குச் சமுதாயம் இடும் பெயரே சில வேளைகளில் கொடியதாகிவிடுகிறது.

நம் காலம் மூன்றாவது ஒரு காயத்தைக் கண்டிருக்கிறது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களுக்குப் பாஸ்டனில் பல்லாண்டுகள் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஜொனாதன் ஷே, 1994-ல் வெளியிட்ட நூலில் ஹோமரின் அக்கிலீசையும் அவ்வீரர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். அச்சத்தால் மட்டும் அவர்கள் மனம் நொறுங்கவில்லை. சரியென்று தாம் நம்பியிருந்த ஒன்று தம் கண்ணெதிரே, சில நேரம் தம் கையாலேயே, முறிக்கப்பட்டதால் நொறுங்கியது என்று அவர் கண்டார். இதை 'அறப்புண்' என்று சொல்லலாம். மார்பிலும் இல்லை, முதுகிலும் இல்லை. மருத்துவக் குழுவின் படிவத்தில் இதைக் குறிப்பதற்குக் கட்டமும் எளிதில் கிடைப்பதில்லை.

உடற்காயத்தோடு இந்த அறப்புண்ணும் சேர்ந்துவிட்ட ஒருவரை யார் அணுக முடியும்? மருத்துவர் அணுகலாம், ஆனால் அவர் அங்கே இருந்தவர் அல்லர். மனைவி மக்கள் அணுகலாம். ஆனால் அவர்களிடம் சொல்லக் கூடாதென்று அவர் பூட்டி வைத்திருப்பதே அதிகம். எஞ்சியிருப்பவர் ஒருவரே: தானும் அதே வழியில் நடந்து, தானும் காயமுற்று, ஓரளவு தேறியவர்.

நீரோட்டத்தில் நிற்பவர்கள்

இந்த உண்மையை எளிய முறையில் கண்டுகொண்ட ஓர் இயக்கம் அமெரிக்காவில் இருக்கிறது. 2005-ல் வாஷிங்டனில் அப்போதிருந்த வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில், இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் கை கால் இழந்து வந்த இளைஞர்கள் நிறைந்திருந்தார்கள். கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற கேப்டன் எட் நிக்கல்சன் என்பவரும் அங்கே புற்றுநோய் அறுவைச் சிகிச்சைக்குப் பின் தேறிக்கொண்டிருந்தார். அந்த இளைஞர்களைப் பார்த்த அவருக்குத் தோன்றியது மிகச் சிறிய ஒன்று: இவர்களுக்கு மீன் பிடிக்கக் கற்றுத் தரலாமே! மருத்துவமனைப் புல்வெளியில் தூண்டில் வீசிப் பழகுவதில் தொடங்கிய அம்முயற்சி, 'புராஜெக்ட் ஹீலிங் வாட்டர்ஸ்' என்ற பெயரில் நாடெங்கும் பரவியது. கற்பிப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வத் தொண்டர்கள். அவர்களுள் பலர் தாமே முன்னாள் வீரர்கள். கற்றுக்கொள்ள வந்து, பின்னர் கற்பிப்பவராக நின்றுவிட்டவர்களும் உண்டு.

'ஃபிளை ஃபிஷிங்' எனப்படும் இந்த முறை நம் குளக்கரைத் தூண்டிலிலிருந்து மாறுபட்டது. புழுவோ மாவுருண்டையோ இல்லை. இறகையும் மயிரையும் நூலால் முள்ளின்மேல் சுற்றிக் கட்டி, நீர்மேல் அமரும் ஈயைப் போன்ற ஒன்றைக் கையால் செய்கிறார்கள். அதற்கு எடையே கிடையாது. ஆகவே கனமான நூல்தான் அதைச் சுமந்து செல்ல வேண்டும். கோலைப் பின்னால் வீசி, நூல் முதுகுப்புறம் முழுவதும் நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, பிறகு முன்னால் வீச வேண்டும். அந்த ஒரு கணப் பொறுமை இல்லாவிட்டால் நூல் சிக்கிக்கொள்ளும். வலிமை இங்கே பயன்படாது, அவசரம் கெடுத்துவிடும். எந்த நொடியும் எங்கிருந்தும் தாக்குதல் வரும் என்று பழகிப்போன மனத்துக்கு, முதுகுக்குப் பின்னால் நூல் நீளும்வரை திரும்பிப் பாராமல் காத்திருப்பது எத்தகைய பயிற்சி என்பதை எண்ணிப் பார்க்கலாம். விரல் நடுக்கம் உள்ளவருக்கு இறகு கட்டுவதே சிகிச்சையாகிறது. ஒற்றைக் கை உள்ளவருக்கு, மற்றொரு ஒற்றைக் கையர் தாம் எப்படிக் கட்டினார் என்று காட்டுகிறார். இரு கைகளும் உடைய நிபுணர் எத்தனை சிறந்தவராயினும் அந்த இடத்தில் தோற்றுவிடுவார்.

இங்கே நம் நாட்டு வாசகர் மனத்தில் ஒரு கேள்வி எழாமல் இராது. ஒருவர் புண் ஆற மற்றோர் உயிரின் வாயில் முள் குத்த வேண்டுமா? நியாயமான கேள்வி. பிடித்த மீனைப் பெரும்பாலும் மீண்டும் நீரிலேயே விட்டுவிடுகிறார்கள். முள்ளின் எதிர்ப்பல்லை நசுக்கி, எளிதில் கழன்று வரும்படி செய்துகொள்கிறார்கள். அந்தமான் கடலில் பெரும் பாரை மீன்களைத் தேடிவரும் சுற்றுலாத் தூண்டிற்காரர்களிடமும் பிடித்து விடுவிக்கும் இவ்வழக்கம் இருக்கிறது. ஆனால் விட்டுவிடுவதால் வலி இல்லாமற் போவதில்லை. டிரவுட் மீனின் உதடுகளில் வலியுணர் நரம்புகள் உண்டென்று 2003-ல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, 'மீனுக்கு வலிக்காது' என்ற பழைய சமாதானத்தை ஆட்டம் காணச் செய்தது. உணவுக்காக மீன் பிடிக்கும் மீனவரை எவரும் குறை சொல்வதில்லை. பசி ஒரு காரணம். மன அமைதிக்காக மீனைத் துன்புறுத்துவது அதனினும் கடினமாகவே நியாயப்படுத்தப்பட வேண்டும். கொலைக்களத்தைக் கண்டு மனம் கலங்கியவர், கையில் துடிக்கும் ஓர் உயிரை ஈரக்கையால் தாங்கி நீரில் மெல்ல விடும்போது அவருள் ஏதோ ஒன்று சீராகிறது என்கிறார்கள். அது மெய்யாகவே இருக்கலாம். ஆனாலும் மீனைக் கேட்டு யாரும் இந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை. மருந்தின் சாரம் தூண்டில் முள்ளிலா இருக்கிறது, அல்லது நீரிலும் துணையிலும் இருக்கிறதா என்று பிரித்தறிவது இதனால் அவசியமாகிறது.

முள் இல்லாமலும் அந்த மருந்து வேலை செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. முரளிகாந்த் பெட்கர் ராணுவத்தில் குத்துச்சண்டை வீரர். 1965 போரில் குண்டுகள் பாய்ந்து முதுகுத்தண்டு சேதமுற்றது. சிகிச்சையின் ஒரு பகுதியாகவே அவரை நீரில் இறக்கினார்கள். 1972-ல் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அது. பாராலிம்பிக் போட்டிகளே காயம்பட்ட வீரர்களின் மருத்துவமனை ஒன்றில் பிறந்தவைதாம். 1948-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் மருத்துவர் லுட்விக் குட்மன் நடத்திய வில்வித்தைப் போட்டியில், காயமுற்ற 16 முன்னாள் படையினர் சக்கர நாற்காலியில் அமர்ந்து அம்பெய்தனர்.

அண்மைக் காலத்தில், ராணுவத்தின் சிறப்புப் படைப்பிரிவில் பணியாற்றிக் காயமுற்று வெளிவந்த மேஜர் விவேக் ஜேக்கப், தம்மைப் போன்ற முன்னாள் படையினரைச் சேர்த்துக்கொண்டு மாற்றுத்திறனாளிகளுக்கு ஆழ்கடல் மூழ்குதல், மலையேற்றம் முதலியவற்றைப் பயிற்றுவிக்கும் அமைப்பைத் தொடங்கினார். 2021 செப்டம்பரில் அவர்களிடம் பயின்ற மாற்றுத்திறனாளிகள் எட்டுப் பேர் சியாச்சின் பனிமலையில் 15,632 அடி உயரத்திலுள்ள குமார் காவல் நிலையத்தை அடைந்தனர். போருக்காகக் கற்ற கலை, பிறரைத் தூக்கிவிடும் கலையாக மாறியிருக்கிறது. நீருக்குள் இறங்கியவுடன் உடலின் பாரம் நீங்குகிறது. கரையில் நடக்க இயலாதவர் அங்கே எல்லோரையும் போல மிதக்கிறார். முப்படைகளும் ஒரே தலைமையின்கீழ் இயங்கும் நாட்டின் முதல் கூட்டுப்படைத் தலைமையகம் 2001 முதல் அந்தமானில் இருக்கிறது, ஐ.என்.எச்.எஸ். தன்வந்திரி என்ற கடற்படை மருத்துவமனை இருக்கிறது. பவளப்பாறைகள் நிறைந்த தெளிந்த கடல் இருக்கிறது. வீரர்களின் பெயர் தாங்கிய அத்தீவுகளின் நீரில் காயமுற்ற வீரர்கள் மற்றவர்க்கு மூழ்கக் கற்றுத் தருவார்களானால், அந்தப் பெயர்ப்பலகைகளுக்கு இன்னும் பொருள் கூடும்.

அம்புப் படுக்கையும் தலையணையும்

காயமுற்றவரைப் போற்றுவது எப்படி என்ற கேள்விக்கு மகாபாரதம் இரண்டு காட்சிகளில் விடை தருகிறது. அவற்றை ஒன்றாக வைத்துப் பார்ப்பவர் குறைவு.

பத்தாம் நாள் போரில் பீஷ்மர் வீழ்ந்தார். உடலெங்கும் தைத்த அம்புகளே படுக்கையாயின. தலை மட்டும் தொங்கியது. 'தலையணை வேண்டும்' என்றார் அவர். அரசர்கள் விரைந்து சென்று மென்மையான, விலையுயர்ந்த தலையணைகளைக் கொண்டுவந்தார்கள். பீஷ்மர் சிரித்தார். வீரன் படுக்கைக்கு அவை பொருந்தா என்று சொல்லி, அர்ஜுனனைப் பார்த்தார். அர்ஜுனன் கண்ணீரோடு வில்லை எடுத்து மூன்று அம்புகளைத் தரையில் பாய்ச்சி அவர் தலையைத் தாங்கச் செய்தான். பீஷ்மர் மகிழ்ந்தார். காயத்தை ஆற்ற வந்த மருத்துவர்களையும் அவர் உரிய மரியாதை செய்து திருப்பி அனுப்பினார்.

அந்த அரசர்கள் தவறானவர்கள் அல்லர். அவர்கள் கொண்டுவந்தது அன்பின் பொருள்தான். ஆனால் அவர்கள் கண்டது ஒரு நோயாளியை. அர்ஜுனன் கண்டது பீஷ்மரை. மென்மையான தலையணை, படுத்திருப்பவரை 'இனி நீ வேறு ஆள்' என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறது. நம் விழாக்களில் சக்கர நாற்காலியில் அமர்ந்த வீரருக்குப் போர்த்தும் சால்வைகளில் பல அத்தகைய தலையணைகளே.

இரண்டாவது காட்சி போர் முடிந்த பின்பு. வென்ற தருமபுத்திரர் உடைந்து கிடக்கிறார். உறவினரையும் ஆசிரியரையும் கொன்று பெற்ற அரசு வேண்டாம், காட்டுக்குப் போகிறேன் என்கிறார். மேலே சொன்ன அறப்புண்ணுக்கு இதைவிடத் தெளிவான சித்திரம் உலக இலக்கியத்தில் அரிது. வியாசர் சொல்லிப் பார்த்தார்; தம்பியர் சொல்லிப் பார்த்தனர்; கண்ணனே சொல்லிப் பார்த்தான். இறுதியில் கண்ணன் அவரை அழைத்துச் சென்றது எங்கே? அசைய முடியாமல் அம்புப் படுக்கையில் கிடப்பவரிடம்!

அருகே செல்லத் தருமர் கூசினார். அந்த அம்புகள் தம் பக்கத்திலிருந்து வந்தவையாயிற்றே. பீஷ்மரோ, போர்முகத்தில் எதிர்நிற்பவரோடு பொருவது க்ஷத்திரியனின் கடமை என்று சொல்லி, அஞ்சாமல் அருகே வந்து கேட்கும்படி கூறினார். தன்னைக் காயப்படுத்திய கையின் நடுக்கத்தை, காயம்பட்டவரே நிறுத்தினார். அவரைத் தவிர வேறு யார் அதைச் செய்திருக்க முடியும்?

பீஷ்மருக்கும் ஓர் ஐயம் எழுந்தது. 'எல்லாம் அறிந்த நீ இருக்க, நான் ஏன் அறம் உரைக்க வேண்டும்? நீயே சொல்லலாமே' என்ற பொருள்படக் கண்ணனைக் கேட்டார். வலியால் சிந்தை கலங்குகிறது என்றும் சொன்னார். கண்ணன் முதலில் அவர் வலியும் சோர்வும் நீங்க வரமளித்தான். பின்னர், அவருடைய புகழ் உலகில் நிலைக்க வேண்டும் என்பதே தன் விருப்பம் என்றான். இந்த வரிசை கவனிக்கத்தக்கது. முதலில் வலி நீக்கம், பிறகே பணி. சாந்தி பர்வமும் அனுசாசன பர்வமும் அங்கே பிறந்தன. போரில் பீஷ்மர் வீழ்த்தியவர்களின் எண்ணிக்கையை இன்று யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. அம்புப் படுக்கையில் அவர் சொன்னவை நிற்கின்றன.

கண்ணன் பீஷ்மருக்குச் செய்த மரியாதை, அவரிடம் ஒன்றைக் கேட்டது. மாலையைப் பெறுபவர் கொடுப்பவருக்கு ஒருபடி கீழே நிற்கிறார். கேட்கப்படுபவர் ஒருபடி மேலே நிற்கிறார். நன்மை பெற்றவர் நன்மை செய்தவரை நேசிப்பதைவிட, நன்மை செய்தவரே பெற்றவரை அதிகம் நேசிக்கிறார் என்று அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில் ஒரு புதிரைப் போல எழுப்பி, செயலில்தான் மனிதன் தன் இருப்பை உணர்கிறான் என்று காரணமும் காட்டினார். சேவை செய்யும் வாய்ப்புக்காகச் சேவை செய்பவரே நன்றி பாராட்ட வேண்டும் என்று சுவாமி விவேகானந்தர் வலியுறுத்தியதும் இதனோடு இணைவது. அப்படியானால், ஒரு வீரரை வாழ்நாள் முழுதும் பெறுபவராகவே அமர்த்திவிடுவது, அவருக்கு மிஞ்சியிருக்கும் பெரிய செல்வத்தையும் பறிப்பதாகும்.

மேஜர் ஜெனரல் இயன் கார்டோசோவின் வாழ்க்கை இதற்கு நல்ல உதாரணம். 1971 போரில் சில்ஹெட் அருகே கண்ணிவெடியில் கால் சிதைந்தது. தம் குக்ரிக் கத்தியால் தாமே அதை வெட்டி அகற்றினார். பின்னர் முறையாக அறுவைச் சிகிச்சை செய்தவர், சிறைப்பட்டிருந்த பாகிஸ்தானிய மருத்துவர் மேஜர் முகமது பஷீர். இக்கதையை நாடு விரும்பிச் சொல்லும். கத்தி வரும் இடத்தில் கைதட்டல் எழும். அதிகம் சொல்லப்படாதது அடுத்த நாற்பது ஆண்டுகள். மரக்காலுடன் அவர் காலாட்படைப் பட்டாலியனுக்கும் பின்னர் பிரிகேடுக்கும் தலைமை தாங்கினார். மாற்றுத்திறனாளியான அதிகாரி ஒருவர் அவ்வாறு தலைமை ஏற்றது அதுவே முதல் முறை. அந்தப் பொறுப்பை அடைய, தம்மை உட்கார வைக்க விரும்பிய அன்பான கைகளோடும் அவர் போராட வேண்டியிருந்தது. ஓய்வுக்குப் பின் மூளை முடக்குவாதமுற்ற குழந்தைகளுக்கான அமைப்பில் பணியாற்றினார். 2005 முதல் 2011 வரை இந்திய மறுவாழ்வு மன்றத்தின் தலைவராக இருந்தார். ஒரு நிமிடத்தில் காலை வெட்டிய துணிவு பெரிதுதான். ஆனால் குழந்தைகளின் சக்கர நாற்காலிகளோடு கழித்த ஆண்டுகள் வேறொரு துணிவைக் கேட்டிருக்கும்.

கேட்பதன் எல்லை

இவ்வளவும் சொன்னபின் ஓர் எச்சரிக்கையையும் சொல்லாவிட்டால் நியாயம் முழுமை பெறாது. 'கேட்பதே மரியாதை' என்ற கருத்தைத் தவறான கைகள் எடுத்துக்கொண்டால், கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமலிருக்க அது ஒரு சாக்காகிவிடும். முதல் உலகப் போரில் உறுப்பிழந்த இந்திய வீரர்களுக்காக 1917-ல் தொடங்கப்பட்ட தொழிற்பயிற்சி நிலையம் இன்றும் புனே அருகே கட்கியில் இருக்கிறது. முதுகுத்தண்டு முறிந்தவர்களுக்கான மறுவாழ்வு மையமும் 1974 முதல் அங்கே இருக்கிறது. இவை நன்று. அதே நேரத்தில், தம் ஊனத்துக்கும் ராணுவப் பணிக்கும் தொடர்பு உண்டென்று நிறுவ நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்கில் ஏறியிறங்கிய வீரர்களும் உண்டு. பணியில் சேரும்போது இல்லாத குறைபாடு பின்னர் தோன்றினால், அது பணியால் நேர்ந்ததென்றே கொள்ள வேண்டும், இல்லையென நிறுவும் பொறுப்பு அரசினுடையது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. ஓய்வூதியக் கோப்பை நிறுத்தி வைத்துக்கொண்டு, 'வாருங்கள், இளைஞர்களுக்கு ஊக்கமளியுங்கள்' என்று மேடைக்கு அழைப்பது மரியாதையாகுமா? கண்ணன் முதலில் வலியைத்தானே நீக்கினான்.

மற்றொன்று. எல்லோரும் கார்டோசோ ஆக முடியாது. காயத்தோடு வீடு திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் எதையும் கற்றுத் தராமல் காலம் கழிக்கும் வீரரும் இருக்கிறார். தொண்டு செய்பவரைப் போற்றும் ஆர்வத்தில், இவரை மறைமுகமாகக் குறை சொல்லிவிடக் கூடாது. சாதித்த மாற்றுத்திறனாளியைக் காட்டிச் சாதிக்காதவரை வெட்கப்படுத்துவது, புதிய உருவில் வரும் பழைய 'புறப்புண்' வழக்கமே. கேட்பது என்றால், மறுக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்துக் கேட்பது என்று பொருள். நீர்க்கரைக்கு அழைக்கலாம். வராவிட்டால் மறுவாரமும் அழைக்கலாம். வந்து, தூண்டிலைத் தொடாமல் கரையிலேயே அமர்ந்திருந்தால், அருகே அமர்ந்துகொள்ளலாம். வால்டர் ரீட் புல்வெளியில் நடந்ததைப் போன்ற பணிகள் வெற்றி பெறுவது, மீன் கிடைத்ததா என்று யாரும் கணக்குக் கேட்காததால்தான்.

'முன்னாள் படைவீரர்' என்ற தொடரையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் வழங்கும் 'வெட்டரன்' என்ற சொல், பழுத்தவர் என்ற பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து வந்தது. நம் 'முன்னாள்' என்ற அடைமொழியோ, முடிந்துபோன ஒன்றையே சுட்டுகிறது. அலுவலகத்துக்கு அது போதுமானது. அந்த மனிதருக்கு அது போதுமா?

அந்தமான் நிக்கோபாரின் தென்கோடியில் உள்ள பெரிய நிக்கோபார் தீவில் இச்சொல் விசித்திரமான முறையில் உயிர் பெற்றது. தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து, அதாவது முன்னைய போர்ட் பிளேரிலிருந்து, கடல்வழியே 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் அத்தீவில், 1969 முதல் 300-க்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களை அரசு குடியேற்றியது. பஞ்சாபிலிருந்தும், மகாராஷ்டிரத்திலிருந்தும், கேரளத்திலிருந்தும், தமிழகத்திலிருந்தும் சென்றவர்கள் அவர்கள். காம்ப்பெல் பே, கோவிந்த் நகர், விஜய் நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் என்று கிராமங்கள் எழுந்தன. அரசு நிலம் கொடுத்தது; கூடவே எல்லையில் ஆள் இருக்க வேண்டும் என்ற தன் தேவையையும் சொன்னது. அது கைம்மாறா, மீண்டும் ஒரு பணியா? இரண்டும்தான். காட்டைத் திருத்தித் தென்னையும் பாக்கும் வைத்தார்கள். அந்தக் காடு ஷோம்பென் மக்களின் வாழ்விடமும் ஆயிற்றே என்பது அந்நாளில் பெரிதாக எண்ணப்படாத இன்னொரு கேள்வி.

2004 டிசம்பர் 26 காலை, சுமத்ராவுக்கு மிக அருகிலுள்ள இந்திய நிலம் அதுவாக இருந்ததால், ஆழிப்பேரலையின் முழு வேகமும் அங்கே விழுந்தது. இந்திரா முனைப் பகுதி நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போயிற்று. தெற்குக் கிராமங்கள் அழிந்தன. முப்பத்தைந்து ஆண்டு உழைப்பு ஒரு காலைப்பொழுதில் கரைந்தபின், முதியவர்களாகிவிட்டிருந்த அந்தப் படைவீரர்கள் தற்காலிகத் தகரக் கொட்டகைகளில் பல்லாண்டுகள் வாழ்ந்தார்கள். தாயகத்துக்குத் திரும்பிவிட்டவர்கள் உண்டு. மீதமுள்ள குடும்பங்கள் அங்கேயே மறுபடியும் தென்னை நட்டன.

அவர்கள் பெயரில் தீவு எதுவும் இல்லை.